மிக்ஸருக்கும் எனக்கும் நடுவே ஒரு லேன் கேபிள்

வைஃபை போனால் சத்தம் போகாது. மேடை நிகழ்ச்சிகளில் எல்லா மைக்குகளின் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒலி மிக்ஸரை டேப்லெட் வைத்து ஓட்டத் தொடங்கும் பலருக்கும் இது தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும். பாடகரின் குரல் மைக்கிலிருந்து கேபிள் வழியே மேடையோரம் இருக்கும் மிக்ஸர் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். இந்தப் பாதையில் வைஃபைக்கு வேலையே இல்லை. டேப்லெட் உத்தரவு மட்டும்தான் கொடுக்கிறது: இந்தச் சானலைக் கொஞ்சம் ஏற்று, அந்த மைக்கை மூடு, எக்கோவைக் குறை. உத்தரவு வரவில்லை என்றால், கடைசியாக என்ன சொன்னோமோ அதையே செய்துகொண்டு மிக்ஸர் தேமே என்று உட்கார்ந்திருக்கும்.

அந்த நிம்மதி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மேடையைப் பொறுத்தது. ஒரே ஆள் ஒரே மைக்கில் பேசிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம்கூட யாருக்கும் எதுவும் தெரியாது. அதுவே பாடகர் கையில் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து வந்தால்? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் புகுந்து ஊளை கிளம்பும். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இழுக்கிறீர்கள். திரையில் ஃபேடர் இறங்குகிறது. ஊளை இறங்கவில்லை. அரங்கம் முழுக்க உங்களைத் திரும்பிப் பார்க்கிறது.

திரை பொய் சொல்லும். பல ஆப்களில் விரல் நகர்ந்த உடனே ஃபேடரின் படமும் கூடவே நகர்ந்துவிடும். உத்தரவு மிக்ஸருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. அதனால்தான் அடியோடு அறுந்துபோகும் வைஃபையைவிட அரையும் குறையுமாக இழுத்துக்கொண்டிருக்கும் வைஃபை எனக்கு அதிகப் பயம் தருகிறது. அறுந்தால் ஆப் சிவப்பாக ஏதாவது காட்டும், நாமும் அடுத்த வேலையைப் பார்க்கலாம். இழுத்தால் அப்படி இல்லை. குரலைக் கொஞ்சம் இறக்குகிறோம், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இறக்குகிறோம். இரண்டு நொடி கழித்து எல்லா உத்தரவும் மொத்தமாகப் போய் விழுகிறது, குரல் காணாமல் போகிறது. பதறி ஏற்றுகிறோம், அதுவும் தாமதம். அந்தத் தாமதத்துக்குள் இன்னும் ஏற்றிவிடுகிறோம். பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் சொல்வதால் நான் வைஃபைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். டேப்லெட்டோடு கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டபடியே சரிசெய்யும் வசதி வந்த பிறகு பழைய முறைக்கு யார் திரும்புவார்? மேடையில் டிரம்மருக்குப் பக்கத்திலேயே நின்று அவர் காதில் விழுவதை நாமும் கேட்டு, அவருக்கென்று வைத்த மானிட்டர் ஸ்பீக்கரைச் சரிசெய்யலாம். தவிர, பெரிங்கரின் எக்ஸ்ஆர் 18, மிடாஸின் எம்ஆர் 18 போன்ற பெட்டிகளில் ஃபேடரே கிடையாது. மைக் செருக இடம் இருக்கிறது, மைக் சிக்னலைப் பெருக்கும் கெயின் எல்லாம் உள்ளே இருக்கிறது, கையால் தொட்டு இழுக்க ஒன்றுமில்லை. திரை இல்லாவிட்டால் அது ஊமைப் பெட்டி. ஆகவே வைஃபை வேண்டும். அது காலை வாரும்போது பிடித்துக்கொள்ள ஒரு லேன் கேபிளும் வேண்டும். நான் சொல்ல வருவது அந்தக் கேபிளை எங்கே செருகுவது என்பதைப் பற்றி. பெரும்பாலான இடங்களில் கேபிள் இருக்கிறது. ஆனால் வைஃபை எதனால் விழுமோ அதனாலேயே அந்தக் கேபிளும் விழும்படி செருகியிருக்கிறார்கள்.

முதலில், வைஃபை ஏன் நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் சவுண்ட் செக்கில் சமர்த்தாக இருந்துவிட்டு நிகழ்ச்சியில் குழப்புகிறது என்று பார்த்துவிடலாம்.

மதியம் அரங்கம் காலி. ரௌட்டர் மேடையோரம் ஒரு பெட்டியின்மேல் இருக்கிறது. நீங்கள் கடைசி வரிசையில் நிற்கிறீர்கள், நடுவில் வெறும் நாற்காலிகள். எல்லாம் பிரமாதமாக வேலை செய்கிறது. மாலையில் அதே நாற்காலிகளில் மனிதர்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வைஃபை அலை அதற்குள் புகுந்து வெளியே வருவதற்குள் பெருமளவு வலுவிழந்துவிடும். இடுப்பு உயரத்தில் இருக்கும் ரௌட்டருக்கும் உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டுக்கும் நடுவில் வரிசை வரிசையாகத் தண்ணீர்ச் சுவர்கள். ரௌட்டரை ஒரு ஸ்டாண்டில் ஏற்றித் தலைகளுக்கு மேலே வைப்பதில் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி அந்த மனிதர்களின் பைகளில் இருக்கிறது. ஒவ்வொருவர் போனும் தெரிந்த நெட்வொர்க் எங்காவது இருக்கிறதா என்று அவ்வப்போது கூவிப் பார்க்கிறது. சிலர் ஹாட்ஸ்பாட் போட்டிருப்பார்கள். ப்ளூடூத் இயர்போன், ஸ்மார்ட் வாட்ச், சில மலிவான வயர்லெஸ் மைக், எல்லாமே 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் குடியிருக்கின்றன. அந்தப் பட்டையில் சானல் எண்கள் 11, 13 என்று இருந்தாலும் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வைஃபைக்கோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆக ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை 1, 6, 11 என்று மூன்றே. மேலும், வைஃபை மரியாதையான பிறவி. வேறு யாரும் பேசவில்லை என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தான் பேசும். நூற்றுக்கணக்கான போன்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் உங்கள் ஃபேடர் உத்தரவு தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

5 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போனால் இடம் தாராளம். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பட்டையின் ஒரு பகுதியை வானிலை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் சத்தம் கேட்டதாக ரௌட்டர் நினைத்தால் அந்தச் சானலை உடனே காலி செய்தாக வேண்டும் என்பது விதி. அதே வகைச் சானல் இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் அங்கே குறைந்தது 60 நொடி சும்மா கேட்டுக்கொண்டிருந்த பிறகுதான் வாய் திறக்கலாம். பாட்டு நடுவில் ஒரு நிமிடம்! சானல் தேர்வை ஆட்டோவில் விடாமல் 36 முதல் 48 வரை உள்ளவற்றில் ஒன்றில் பூட்டிவைத்தால் இந்தத் தொல்லை வராது.

அரங்கத்தின் வைஃபையிலேயே மிக்ஸரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சில இடங்களில் அன்பாகச் சொல்வார்கள். வேண்டாம். விருந்தினர் நெட்வொர்க்குகளில் பெரும்பாலும் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி அடைத்துவைத்திருப்பார்கள். இன்டர்நெட் வரும், மிக்ஸர் தெரியாது.

சரி, கேபிளுக்கு வருவோம்.

வயரைப் பழைய சங்கதியாகவும் வயர்லெஸ்ஸை அதற்கு வந்த விடுதலையாகவும் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. டிவி ரிமோட் விஷயத்தில் அது உண்மைதான். ஜெனித் நிறுவனம் 1950-ல் கொண்டுவந்த முதல் ரிமோட்டில் டிவியிலிருந்து சோபா வரை ஒரு வயர் ஓடும். வீட்டில் ஆட்கள் தடுக்கி விழுந்தார்கள். ஐந்து வருடத்தில் வயர் இல்லாத ரிமோட் வந்துவிட்டது. ஆனால் லேன் கேபிளில் ஓடும் ஈதர்நெட்டின் கதை தலைகீழ். 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனின் குழு தீவுகளுக்கு நடுவே ரேடியோவில் ஒரு கணினி வலையை ஓட்டியது. அதன் பெயர் அலோஹாநெட். ஒரே அலைவரிசையில் பலரும் பேசுவார்கள், மோதினால் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்புவார்கள். ஜெராக்ஸின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த பாப் மெட்காஃப் அந்த யோசனையை மேம்படுத்தி 1973-ல் ஒரு கேபிளுக்குள் கொண்டுவந்தார். ஈதர்நெட் அப்படிப் பிறந்ததுதான். வயர்லெஸ்தான் மூத்தது, வயர் அதன் பிள்ளை.

பிள்ளை பிற்பாடு வளர்ந்துவிட்டது. லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் இன்றைய நெட்வொர்க் ஸ்விட்சில் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கேபிள், போகவும் வரவும் தனித்தனி வழி. இரண்டு பேர் மோதிக்கொள்வது என்ற பேச்சே இல்லை. வைஃபை இன்னமும் எல்லோரும் ஒரே காற்றைப் பங்குபோடும் ஏற்பாட்டில்தான் நிற்கிறது. கூட்டம் கூடினாலும் கேபிள் மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். மதியம் எப்படி இருந்ததோ மாலையிலும் அப்படியே இருக்கும்.

அப்படியானால் ஒரு கேபிளை எடுத்து மிக்ஸரில் செருகிவிட்டால் முடிந்ததா? இல்லை, கோளாறே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேலே சொன்ன எக்ஸ்ஆர் 18 வகைப் பெட்டிகளில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், மூன்று நிலைகளோடு: ஈதர்நெட் (கேபிள்), வைஃபை கிளையன்ட் (வேறொரு வைஃபையில் சேர்வது), ஆக்சஸ் பாயின்ட் (தானே வைஃபை பரப்புவது). ஒரு நேரத்தில் ஒன்றுதான். பெட்டிக்குள்ளே இருக்கும் வைஃபையில் ஓட்டிக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று லேன் கேபிளையும் செருகிவைத்தால் அந்தக் கேபிள் பார்வைக்குத்தான். வைஃபை விழுந்த பிறகு யாராவது மேடையோரம் ஓடி, குனிந்து, அந்தக் குட்டி சுவிட்சை நகர்த்தி, பெட்டி தன் நெட்வொர்க்கைப் புதிதாக எழுப்பும்வரை நிற்க வேண்டும். கேபிள் இருக்கிறது, ஆனால் மாற்றுவழி இல்லை.

அதனால் உள்ளே இருக்கும் வைஃபையை விட்டுவிட்டு, மிக்ஸரை எப்போதும் ஈதர்நெட் நிலையில் வைத்து, வெளியே ஒரு ரௌட்டரைப் போடுவது நல்லது. மிக்ஸரைப் பொறுத்தவரை வருவதெல்லாம் கேபிளில்தான் வருகிறது. வைஃபை அந்த ரௌட்டரின் சொந்த விவகாரம். இந்த ஏற்பாட்டில் டேப்லெட் வைஃபையில் வரலாம், பக்கத்திலேயே லேப்டாப் கேபிளில் வரலாம், இரண்டும் ஒரே சமயத்தில் மிக்ஸரோடு பேசலாம். பெரும்பாலோர் இங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். உண்மையில் இது பெரிய முன்னேற்றமும்கூட.

ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வைஃபை போவதற்குக் காரணம் காற்று இல்லாமல் ரௌட்டராகவே இருந்தால்? அதன் அடாப்டர் பின் தளர்ந்திருக்கலாம். சூட்டில் தொங்கிப்போய்த் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். யாரோ அதே பவர் ஸ்ட்ரிப்பில் இருந்து எதையோ பிடுங்கியிருக்கலாம். டேப்லெட்டின் பாதையும் லேப்டாப்பின் பாதையும் ரௌட்டரின் வயிற்றுக்குள்தான் சந்திக்கின்றன. அது படுத்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும். திரும்பி எழ ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகும். மாற்றுச் சாவியை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி.

நான் செய்வது இதுதான். மிக்ஸரிலிருந்து வரும் கேபிள் நேராக ஒரு சாதாரண ஐந்து துளை ஸ்விட்சுக்குப் போகும். செட்டிங் எதுவும் இல்லாத, மின்சாரம் கொடுத்தால் அடுத்த நொடி வேலை செய்யும் முட்டாள் ஸ்விட்ச். அதன் ஒரு துளையில் வைஃபை ரௌட்டர், இன்னொன்றில் லேப்டாப்புக்குப் போகும் நீண்ட கேபிள். ரௌட்டரில் இன்டர்நெட்டுக்கான துளையை விட்டுவிட்டு மற்றத் துளைகளில் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். இப்போது ரௌட்டர் செத்தாலும் மிக்ஸருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஸ்விட்ச் மட்டும்தான் இருக்கிறது. ஸ்விட்சும் ரௌட்டரும் வெவ்வேறு பவர் ஸ்ட்ரிப்பில். ஸ்விட்சே செத்தால்? மிக்ஸரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்புக்குப் போகும் கேபிளோடு ஒரு இணைப்பான் போட்டுச் சேர்த்துவிடலாம். இன்றைய கருவிகளில் கிராஸ் கேபிள் என்று தனியாக எதுவும் தேவையில்லை, எந்த நேர் கேபிளும் போதும். இரண்டும் சேர்ந்து 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

இதில் ஒரு முக்கியமான சங்கதி முகவரி. கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுப்பது வழக்கமாக ரௌட்டர்தான். அதுவே படுத்த பிறகு லேப்டாப்பைப் புதிதாகச் செருகினால், கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு அது தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். மிக்ஸர் 192.168.1 தெருவில் குடியிருக்கும். கேபிள் சரி, விளக்கு எரிகிறது, ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. இந்த நிலையில் ஆப்பை மூடி மூடித் திறப்பவர்களை நிறையப் பார்க்கலாம். மிக்ஸருக்கும் லேப்டாப்பின் லேன் துளைக்கும் முகவரியைக் கையால் போட்டுவைத்துவிட்டால் ரௌட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மிக்ஸர் 192.168.1.10, லேப்டாப் 192.168.1.20 என்பது போல. ரௌட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் எண்கள் 100-க்கு மேலே இருக்கட்டும். மிக்ஸரின் முகவரியை ஒரு டேப்பில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுவேன். ஆப் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தால் பதற்றம் குறையும். இந்த மிக்ஸர்கள் பேசுவது ஓஎஸ்சி என்ற மொழியில், யூடிபி வழியே. யூடிபியில் தொடர்பு என்று ஒன்று நிலையாக இருப்பதில்லை. ஒரு கடிதத்தைப் போடுகிறோம், போய்ச் சேர்ந்ததா என்று அதில் யாரும் சொல்ல மாட்டார்கள். மிக்ஸரில் நடக்கும் மாற்றங்கள் தனக்கும் வர வேண்டுமென்றால் ஆப் ஒரு சந்தா கேட்க வேண்டும். அந்தச் சந்தாவின் ஆயுள் 10 நொடி. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் மிக்ஸர் அனுப்புவதை நிறுத்திவிடும். சந்தா எந்த முகவரியிலிருந்து கேட்கப்பட்டதோ அந்த முகவரிக்குத்தான் தகவல் போகும். வைஃபையில் இருக்கும்போது உங்கள் கருவிக்கு ஒரு முகவரி, கேபிளுக்கு மாறியதும் இன்னொரு முகவரி. ஆகவே கேபிளைச் செருகிய பிறகும் சத்த அளவைக் காட்டும் மீட்டர்கள் சில நொடி உறைந்து நிற்கும். அந்த இடைவெளியில் எதையும் தொடாமல் ஆப்பில் துண்டித்து மீண்டும் இணைத்தால், மிக்ஸரின் இப்போதைய நிலையை அது முழுசாக வாசித்துக்கொள்ளும். பழைய திரையை நம்பி ஃபேடரைத் தொட்டால் குரல் எங்கிருந்து எங்கே குதிக்கும் என்று சொல்ல முடியாது.

டேப்லெட்டையே கேபிளில் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். யூஎஸ்பி-சி துளை உள்ள ஐபேடில் ஒரு ஈதர்நெட் அடாப்டரைச் செருகினால் செட்டிங்ஸில் ஈதர்நெட் என்று ஒரு வரி புதிதாக முளைக்கும். அங்கேயே முகவரியைக் கையால் போடலாம். சார்ஜும் ஏறும் வகை ஹப் கிடைத்தால் இன்னும் உத்தமம், ஏனென்றால் கேபிளில் உட்காரும் நிலை வந்துவிட்டால் பாட்டரியும் கூடவே படுத்தாமல் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பல டேப்லெட்கள் அடாப்டரை ஏற்றுக்கொள்கின்றன. சிலது ஏற்பதில்லை, முகவரியைக் கையால் போட விடாதவையும் உண்டு. வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் இன்னொரு தொல்லை: இந்த நெட்வொர்க்கில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு நைசாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மிக்ஸருக்கு இன்டர்நெட் எதற்கு! ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் எழுப்பினால் அடங்கும்.

ஆனாலும் என் வாக்கு லேப்டாப்புக்குத்தான். அது நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே கேபிளில் இணைந்து, ஆப் திறந்து, மீட்டர்கள் ஆடிக்கொண்டிருக்கும் நிலையில் உட்கார்ந்திருக்கும். வைஃபை போனால் நான் செய்ய வேண்டியது கையை நகர்த்துவது மட்டும். பையில் இருக்கும் கேபிள் மாற்றுவழி ஆகாது. செருகி, உயிரோடு, திரையில் தெரிந்துகொண்டிருப்பதுதான் மாற்றுவழி. லேப்டாப்பில் வைஃபையை அணைத்தே வைத்திருப்பேன். வைஃபையும் கேபிளும் ஒரே 192.168.1 தெருவுக்குள் இருந்தால் எந்த வழியாக அனுப்புவது என்று இயங்குதளம் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும். நாம் கேபிளில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், அது வைஃபையில் போய்க்கொண்டிருக்கும். தூங்கப் போகும் செட்டிங்கையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் பாஸ்வேர்டு கேட்கும்.

பெரிய இடங்களில் ஏற்கெனவே சுவரில் லேன் துளை இருக்கும், அதன் பின்னால், செட்டிங் எல்லாம் உள்ள மேனேஜ்ட் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். நல்ல பொருள்தான், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவ்வகை ஸ்விட்ச் பலவற்றில், புதிதாகக் கேபிள் செருகினால் எங்காவது வட்டம் உண்டாகிறதா என்று முதலில் ஆராயும். பழைய முறைப்படி கேட்பதற்கு 15 நொடி, கற்றுக்கொள்வதற்கு 15 நொடி. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே 30 நொடி எதுவும் போகாது. கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கித் திரும்பச் செருகினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். முன்கூட்டியே செருகிவைத்திருக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

முட்டாள் ஸ்விட்சில் அந்த ஆராய்ச்சி இல்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு நிகழ்ச்சியில் மேடையைச் சுத்தம் செய்த தம்பி ஒருவர், சும்மா தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைப் பார்த்திருக்கிறார். கழன்றுவிட்டது போல என்று நல்லெண்ணத்தோடு காலியாக இருந்த துளையில் செருகிவிட்டார். மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. அடுத்த நொடி வைஃபை, கேபிள் இரண்டுமே போச்சு. போய்ப் பார்த்தால் ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில், கண் கூசும் வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. ஒரே செய்தி வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே மூச்சுத் திணற வைத்திருக்கிறது. கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் தானாகச் சரியானது. அன்றிலிருந்து பயன்படாத துளைகளில் டேப் ஒட்டிவிடுகிறேன், சும்மா தொங்கும் கேபிளே வைத்துக்கொள்வதில்லை.

கேபிளின் தலையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பிளாஸ்டிக் கொக்கி உடைவது தலைவிதி. உடைந்த பிறகும் பிளக் துளைக்குள் உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். யாராவது கேபிளை மிதித்தால் மயிரிழை வெளியே வரும், அவ்வளவுதான். கொக்கி உடைந்த கேபிளை அன்றே வெட்டிப் புதுத் தலை போடுவது அல்லது தூக்கி எறிவது, நடுவில் வேறு பேச்சில்லை. மேடைக்கென்று வரும் ஈதர்கான் வகை கனெக்டரில் மைக் கேபிளில் இருப்பது போன்ற உலோகக் கூடு இருக்கும். இழுத்தாலும் கழலாது, கொக்கியும் பத்திரம். மிக்ஸரில் அதற்கான துளை இருந்தால் யோசிக்காமல் அதற்கே போங்கள்.

மாற்றுவழி எவ்வளவு அவசரம் என்பது சிக்னல் போனால் கருவி என்ன செய்யும் என்பதைப் பொறுத்தது. இதை எல்லாத் துறையும் ஒரே மாதிரி தீர்ப்பதில்லை. கிரேன் ரிமோட்டில் சிக்னல் அறுந்தால் கிரேன் நின்றுவிட வேண்டும். நிற்பதுதான் அங்கே பாதுகாப்பு. ஆனால் கான்கிரீட் பம்ப் பாதி வேலையில் நின்றால் குழாய்க்குள் கான்கிரீட் இறுகிவிடும். அதனால் அந்த ரேடியோ ரிமோட்கள் பலவற்றில் ஒரு கேபிளும் உண்டு, ரேடியோ மக்கர் செய்தால் அதைச் செருகி வேலையைத் தொடர்வார்கள். பல டிரோன்கள் சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும்படி அமைக்கப்பட்டிருக்கும். மேடை விளக்குகளுக்கு நெட்வொர்க்கில் உத்தரவு அனுப்பும் எஸ்ஏசிஎன் நெறிமுறைப்படி 2.5 நொடி தகவல் வராவிட்டால் மூலம் தொலைந்ததாகக் கணக்கு. அதன்பிறகு கடைசி வெளிச்சத்திலேயே நிற்பதா, இருட்டாவதா என்பது அந்த விளக்கின் செட்டிங்.

மிக்ஸர் கடைசி நிலையில் நிற்கும் சாதி. பெரும்பாலும் அதுதான் சரி. ஆனால் அந்தக் கடைசி நிலை எது என்பது நம் கையில் இருக்கிறது. வைஃபையை நம்பி ஓட்டும்போது, அடுத்த நொடியே தொடர்பு போனாலும் பரவாயில்லை என்ற நிலையில்தான் மிக்ஸை எப்போதும் வைத்திருக்க வேண்டும். ஊளையின் விளிம்பில் ஒரு மைக்கை நிறுத்திவைத்து, விரல் ஃபேடரில் இருக்கிறதே, பிடித்துவிடலாம் என்று நினைப்பது கையால் ஃபேடரை இழுக்கும் மிக்ஸரில் சரிப்படும். இங்கே சரிப்படாது. மேடையில் யாரும் பேசாத மைக்குகளை மூடியே வைப்பது, கெயினில் கொஞ்சம் இடம் விடுவது எல்லாம் இதனால்தான்.

டான்டே மாதிரி சத்தத்தையே நெட்வொர்க்கில் அனுப்புகிறவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். அங்கே முதன்மை, துணை என்று இரண்டு வலைகளையும் ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள், தனி ஸ்விட்ச். ஒன்று செத்தால் மற்றொன்றில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்கும், மாறியதே தெரியாது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு வழிகளும் எங்கேயும் சந்திக்காமல் இருப்பது என்ற அந்தப் பிடிவாதத்தை மட்டும் கடன் வாங்கினால் போதும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி பிடுங்கிப் பார்ப்பது. சவுண்ட் செக் முடியும் நேரத்தில், ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் ரௌட்டரின் மின்சாரத்தை எடுத்துவிடுவேன். சத்தம் தொடர வேண்டும். லேப்டாப்பில் மீட்டர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு மைக்கை மூடினால் மூட வேண்டும். பிறகு ரௌட்டரை எழுப்பி, டேப்லெட் தானாகத் திரும்பி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பேன். கூட வேலை செய்பவர்களுக்கு இந்த விளையாட்டு பிடிப்பதில்லை, குறிப்பாக டேப்லெட் அவர்கள் கையில் இருக்கும்போது.

நிகழ்ச்சி நடுவில் நிஜமாகவே வைஃபை விழுந்தால், ஆப்பில் மீண்டும் இணைக்கச் சொல்லி ஒரு முறை அழுத்துவேன். இரண்டாம் முறை அழுத்துவதில்லை, டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்புக்கு நடந்துவிடுவேன். கடைசி வரிசையிலிருந்து கேட்கும் சுகம் போய்விடும், உட்கார்ந்த இடத்தில் கேட்பதைத்தான் நம்ப வேண்டும். ஸ்பீக்கர்கள் அங்கே எப்படிக் கேட்கும், கூடத்தில் எப்படிக் கேட்கும் என்ற வித்தியாசத்தை மதியமே மனதில் வாங்கிவைத்திருந்தால் சமாளிக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து டேப்லெட் தானாக உயிர்பெற்று எல்லாம் பச்சையாகக் காட்டும். ஆசையாக இருக்கும். எதனால் போனது என்று தெரியாமல் திரும்பி வந்த வைஃபை, அதே காரணத்தால் இன்னொரு முறையும் போகும். கடைசிப் பாட்டு முடிந்து மைக்குகளை மூடும்வரை நான் கேபிளை விட்டு எழுவதில்லை.